ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஓர் அமெரிக்க விண்ணப்பம்

பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவேண்டிய கோடை விடுமுறையில் அப்பாவுக்கு வேலை போயிற்று. அப்போது நாங்கள் ஒஹாயோவில் ஒரு சின்ன நகரத்தில் இருந்தோம். வேலை போனால் விசாவும் போகும். வேறு வேலை தேடிக்கொள்ளக் கொடுத்த அவகாசம் தீர்ந்ததும் அப்பாவும் அம்மாவும் நாட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். நான் கிளம்ப வேண்டியதில்லை. அங்கேயே பிறந்தவள் என்பதால் என்னிடம் நீல நிற அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணை யார் வீட்டில் விட்டுவிட்டு வருவது? நானும் வந்தேன்.

வந்து சேர்ந்தது அப்பாவின் ஊரான ஆழ்வார்குறிச்சிக்கு. பெரியப்பா வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டு மாடியைக் காலி செய்து எங்களுக்குக் கொடுத்தார். வாடகை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரை எதிர்த்து நின்ற கதையைத்தான் பின்னால் சொல்லப்போகிறேன். அவர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அக்கம்பக்கத்துப் பள்ளிகள் எதிலும் என்னைச் சேர்க்க முடியவில்லை. பதினொன்றாம் வகுப்பை இந்தியப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டுமாம். திரும்பவும் பதினொன்றில் உட்கார எனக்கு மனமில்லை. அமெரிக்கப் பள்ளி ஒன்று இணையம் வழியாகவே பன்னிரண்டாம் வகுப்பை நடத்தியது. பாடங்களை நாமே நம் வேகத்தில் படித்துத் தேர்வெழுதி அனுப்பலாம். அதில் சேர்ந்தேன். இப்படியாக, ஆழ்வார்குறிச்சியில் ஒரு மாடியறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படிக்கும் அமெரிக்கப் பள்ளி மாணவி ஆனேன்.

நான் தமிழ் பேசுவேன். வீட்டில் அப்பாவும் அம்மாவும் என்னிடம் தமிழில்தான் பேசினார்கள். ஆனால் என் தமிழில் அமெரிக்க வாடை அடித்தது. தெருமுனை மளிகைக் கடைக்காரர் நான் போகும்போதெல்லாம், "ஏ பிள்ள, எங்க, 'வாழைப்பழம்'னு சொல்லு பாப்போம்" என்பார். கடையில் நிற்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு முறை சொன்னேன், சிரித்தார்கள். மூன்றாம் முறை, "வாழைப்பழம் வேண்டாம் அண்ணாச்சி, தேங்காய் குடுங்க" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் சொல்லச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டில் என் வயதில் ஒருத்தி இருந்தாள். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மொட்டைமாடிச் சுவரைத் தாண்டி வந்துவிடுவாள். நான் அவளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுப்பேன். அவள் என் தமிழைத் திருத்துவாள். அவள் திருத்துவது எனக்குப் பிடித்தது. கடைக்காரரைப் போல வேடிக்கைக்குத் திருத்தமாட்டாள். நான் சொன்னது ஏன் தப்பு என்று கேட்டால், அவளும் நின்று யோசிப்பாள்.

ஊர்ப் பேச்சை அப்படியே பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. சென்னையில் 'செய்றான்' என்பதை இங்கே 'செய்யுதான்' என்பார்கள். 'ஓடுதான்', 'சொல்லுதான்'. சரி, புரிந்துவிட்டது என்று நினைத்து ஒருநாள் அவள் தம்பியைக் காட்டி, "அவன் படிக்குதான்" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "படிக்குதான் இல்லட்டி. படிக்கான்."

"ஏன்? செய்யுதான், ஓடுதான், அப்ப படிக்குதான் தானே?"

"இல்ல. படிக்கான், நடக்கான், பாக்கான்."

"அதான் ஏன்னு கேக்கேன்."

அவள் மேற்கே தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். "தெரியலயே. ஆனா நீ சொன்ன மாரி சொன்னா நல்லால்ல."

அன்று இரண்டு பேரும் இருட்டும் வரை வினைச்சொற்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். ஒரு வகைச் சொற்களுக்கு 'உதான்' வந்தது; இன்னொரு வகைக்கு வரவே இல்லை. யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் அவள் அதைப் படித்ததில்லை. ஆனாலும் ஒரு சொல்கூட அவளுக்குத் தவறவில்லை. அவள் தலைக்குள் ஒரு சட்டம் ஓடுகிறது, அது அவளுக்கே தெரியாது என்பது எனக்கு அவ்வளவு பெரிய ஆச்சரியமாக இருந்தது. இதைப் படிக்கத்தான் போகிறேன், வேறு எதையும் படிக்கமாட்டேன் என்று அந்த வாரமே முடிவு செய்துவிட்டேன். அந்தப் படிப்புக்கு மொழியியல் என்று பெயர்.

அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் இரண்டு வருடம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிக்க வேண்டும். பிறகுதான் ஒரு பாடம். அதுகூடப் பரவாயில்லை. விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை கேட்பார்கள். எங்கள் இணையப் பள்ளியில் கல்லூரி ஆலோசகர் ஒருவர் இருந்தார். அன்பான பெண்மணி. வீடியோவில் என்னிடம் எல்லாம் விசாரித்தார். ஒஹாயோ, அப்பாவின் வேலை, வீட்டைக் காலி செய்தது, ஊருக்கு வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் காலியான கார் ஷெட்டில் அப்பா அழுததையும் நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் கண்கள் விரிந்தன. "அதுதான் உன் கட்டுரை" என்றார். "அங்கேதான் தொடங்க வேண்டும். உன் அப்பா அழுகிறார், நீ கதவருகே நிற்கிறாய். சேர்க்கைக் குழுவில் படிப்பவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள்."

"அது என் அப்பாவுடையது" என்றேன்.

"நீ வலியிலிருந்து எப்படி எழுந்தாய் என்று காட்டவேண்டும், அவ்வளவுதான்."

"நான் எழவில்லை. அவர்தான் எழுந்தார். அதை எழுதுவதாக இருந்தால் அவர்தான் எழுத வேண்டும்."

அவருக்கு என் பிடிவாதம் புரியவில்லை. எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், இதில் அவமானம் ஒன்றுமில்லை என்றார். எல்லோரும் எழுதட்டும். எங்கள் வீட்டில் ஒருவர் அழுததை முதல் பத்தியாக வைத்து, அதற்குக் கீழே என் பெயரைப் போட்டு, இடம் கொடுங்கள் என்று கேட்டு நிற்க என்னால் முடியாது. இங்கேகூட அதற்கு மேல் சொல்லப்போவதில்லை. அப்பா அழுதார். அவ்வளவுதான்.

அன்றே தேட ஆரம்பித்தேன். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் வேறு மாதிரி என்று தெரிந்தது. அங்கே சேரும்போதே ஒரு பாடத்தில்தான் சேர வேண்டும். ஒரே தளத்தில், ஒரே விண்ணப்பத்தில் ஐந்து இடங்களுக்குப் போடலாம். கட்டுரையும் உண்டு, ஆனால் அது நம் கண்ணீரைப் பற்றியது இல்லை. இந்தப் பாடத்தை ஏன் படிக்க வேண்டும், இதுவரை அதற்காக என்ன செய்தாய், அவ்வளவுதான் கேள்வி. படித்ததும் எனக்கு நாற்காலியைவிட்டு எழுந்து குதிக்கத் தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரியோடு மாடியில் செய்த வேலையை அப்படியே எழுதலாம்.

ஆலோசகரிடம் சொன்னேன். பிரிட்டனுக்குப் போட்ட மாணவர் யாரும் தன்னிடம் வந்ததில்லை என்றார். தனக்குச் சம்மதமில்லை, ஆனாலும் பள்ளியின் பரிந்துரையை எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார், சொன்னபடி எழுதவும் செய்தார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. நான் கேட்கவுமில்லை.

எங்களுக்கு வழி தெரியாததால் அப்பா என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனார். செங்கோட்டையிலிருந்து வரும் பாசஞ்சரில் போய், ஜங்ஷனில் இறங்கி, வண்ணார்பேட்டையில் செல்போன் கடைக்கு மேலே இருந்த ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை அலுவலகத்துக்குப் போனோம். சுவரெல்லாம் தொப்பியைத் தூக்கி எறியும் மாணவர்களின் படம். டை கட்டிய ஒரு இளைஞர் கணினியில் என் விவரங்களை ஏற்றத் தொடங்கினார்.

"எந்த நாட்டு சிட்டிசன்?"

"அமெரிக்கா."

"ஸ்கூல்?"

"அதுவும் அமெரிக்காதான். ஆன்லைன்."

"வீடு?"

"ஆழ்வார்குறிச்சி."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். "அண்ணாச்சி, இந்தப் பிள்ளைய எங்கன போடதுன்னு தெரியலயே. இந்தியான்னு போட்டா பாஸ்போர்ட் இடிக்கி. அமெரிக்கான்னு போட்டா அட்ரஸ் இடிக்கி."

பிறகு அவரே ஒரு முடிவுக்கு வந்து, "எதுக்கும் இங்கிலீஷ் டெஸ்ட் எழுதிரட்டும்" என்றார்.

"எதுக்கு?" என்றேன். "நான் பொறந்து வளந்ததே அமெரிக்காவுல."

"அது சரிதாம்மா. ஆனா அட்ரஸ் ஆழ்வார்குறிச்சில்லா?"

அப்பா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இளைஞர் அதோடு நிற்கவில்லை. மொழியியலுக்கு வேலை கிடைக்காது, நிர்வாகப் படிப்பு ஒன்று இருக்கிறது, உடனே இடம் வாங்கித் தருகிறேன் என்றார். நான் எழுந்துவிட்டேன். அப்பா, "யோசிச்சுட்டு வாரோம்" என்று மரியாதைக்குச் சொன்னார். படியிறங்கும்போதே, "இனிமே நானே பாத்துக்கிடுதேன்பா" என்றேன். "என்னமும் செய்யி" என்றார் அப்பா. கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனால் ரயிலில் சேரன்மகாதேவி தாண்டும் வரை பேசவே இல்லை. அவர் மனதில் வேறு ஏதோ இருந்தது. அது என்ன என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கீழே பெரியப்பா வீட்டில் சாப்பிடுவது வழக்கம். அன்று பெரியப்பா இலையில் உட்கார்ந்ததுமே தொடங்கினார்.

"ஏட்டி, நான் கேள்விப்பட்டது நெசமா? லண்டனுக்குப் போறியாமே?"

"லண்டன்னு இல்ல பெரியப்பா. பிரிட்டன்ல எந்த ஊருன்னு இன்னும் தெரியாது."

"ஊரே தெரியாமப் போறியா. என்ன படிப்பு?"

"மொழியியல். மனுசங்க எப்படிப் பேசுதாங்கங்கறதப் படிக்கது."

"பேசுததப் படிக்கதுக்கு கடல் தாண்டிப் போணுமா? நம்ம பஸ் ஸ்டாண்டுல போயி நின்னா போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் அவர் சொன்னதில் பாதி சரி. ஆனால் அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"ஒனக்கு அந்தப் பாஸ்போர்ட்டு எதுக்கு இருக்கு? அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிப் படி. இருவத்தொண்ணு வயசானதும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கிரீன் கார்டு கேட்டு மனு போடு. இவன் திரும்ப அங்க போறதுக்கு இருக்கது அந்த ஒரு வழிதான். நீ பாட்டுக்கு இங்கிலாந்துல போயி ஒக்காந்துக்கிட்டா இவன யாரு கூப்புடுவா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை. குழம்பு முழுக்க சோற்றில் இறங்கிய பிறகும் பிசைந்துகொண்டே இருந்தார். பெரியப்பா தானாக யோசித்துச் சொன்னதில்லை இது, அண்ணனும் தம்பியும் பேசி வைத்தது என்று அப்போது புரிந்தது.

"என்னால அப்படிப் படிக்க முடியாது பெரியப்பா" என்றேன்.

"என்னது?"

"யாரையாவது கூப்புடதுக்காகப் படிக்க முடியாது. எனக்கு வேணுங்கறதத்தான் படிப்பேன்."

பெரியம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். அந்த வீட்டில் பெரியப்பாவிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை போலும். அவர் கத்தவில்லை. இலையை மடித்தார், எழுந்தார், கை கழுவப் போனார். அதன்பின் பல மாதம் அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் நான் இருக்கும்போதே அம்மாவிடம், "மாடியில லைட்டு எரியுது, அணைக்கச் சொல்லு" என்பார்.

சாயங்காலம் அப்பா மொட்டைமாடியில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்களும் அப்படித்தான் நெனைக்கீங்களாப்பா?"

"நெனைக்கலன்னு சொன்னா பொய்யாப் போகும்" என்றார். பிறகு, "அங்க எனக்கு ஒரு இடம் இருந்துச்சு பாப்பா. இங்க நான் அண்ணன் வீட்டு மாடியில இருக்கேன்" என்றார்.

ஆனாலும் சொன்னேன். "நான் ஒங்க மக. ஒங்க டிக்கெட் இல்ல."

அவர் பதில் சொல்லுமுன், கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா அங்கிருந்தே பேசினாள்.

"என்னைய யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?"

இரண்டு பேரும் திரும்பினோம். அம்மா வேதியியலில் முதுகலை படித்தவள். அப்பாவின் வேலை விசாவை ஒட்டி அவளுக்குக் கிடைத்த விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. நான் பிறந்ததிலிருந்து ஒஹாயோவில் அவள் வீட்டில்தான் இருந்தாள். பக்கத்து வீட்டார் கேட்டால், "நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது அவள் குரல் சின்னதாகிவிடும். ஊருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டாள். அவள் காலையில் புடவையைச் சரிசெய்துகொண்டு பையை மாட்டிக் கிளம்பும் வேகத்தை நான் ஒஹாயோவில் பார்த்ததே இல்லை.

துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். "நான் திரும்ப அங்க வரல. இவ மனு போட்டாலும் வரல, போடாட்டாலும் வரல. நீங்க போணும்னா போங்க, நான் தடுக்கல. எனக்கு இங்கன ஒரு வேல இருக்கு. என் பேரச் சொல்லிக் கூப்புடதுக்கு இங்கன புள்ளைங்க இருக்காங்க. இதவிட்டுட்டு அந்த அடுக்களையில போயி நிக்க என்னால முடியாது."

"ஏன் இதுவரைக்கும் சொல்லல?" என்றார் அப்பா.

"நீங்க கேக்கலயே."

அப்பாவுக்குக் கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா என் பக்கம் திரும்பி, "நீ எங்க வேணும்னாலும் போட்டுக்க. ஆனா ஒழுங்காப் படி" என்றாள். அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டாள். அன்றுதான் எனக்குத் தெரிந்தது, எங்கள் வீட்டில் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று.

ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்காட்லாந்தில் இரண்டு, வடக்கு இங்கிலாந்தில் இரண்டு, லண்டனில் ஒன்று. செலவுக்கு அமெரிக்கக் குடிமக்களுக்கான அரசுக் கல்விக்கடன் பிரிட்டனிலும் செல்லும் என்று தெரிந்ததில் அந்தக் கவலை பாதி தீர்ந்தது. ஆனால் வண்ணார்பேட்டை இளைஞர் சொன்னது ஒரு வகையில் பலித்தது. லண்டன் பல்கலைக்கழகம் ஆங்கிலத் தேர்வு எழுதச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியது. பள்ளிப் படிப்பின் கடைசி இரண்டு வருடத்தை ஆங்கிலம் பேசும் நாட்டில் இருந்து படித்திருக்க வேண்டுமாம். நான் கடைசி வருடம் ஆழ்வார்குறிச்சியில் இருந்தேன்.

பதில் எழுதினேன். பிறந்தது, படித்தது, இப்போது படிக்கும் பள்ளி, எல்லாம் எழுதினேன். விதிவிலக்கு இல்லை என்று வந்தது. திரும்ப எழுதினேன். ஒரு வருடம் ஆழ்வார்குறிச்சியில் இருந்தால் பதினேழு வருட ஆங்கிலம் மறந்துவிடுமா, அப்படியானால் லண்டனில் ஒரு வருடம் இருந்தால் என் தமிழும் மறந்துவிடும் என்கிறீர்களா என்று கேட்டேன். அதற்கும் அதே பதில்தான்.

"மதுரைக்கு ஒரு நாள் போயிட்டு வந்தா முடிஞ்சுது. ஒனக்கு அது ஒரு டெஸ்டா?" என்றார் அப்பா.

"எனக்கு டெஸ்ட் கஷ்டம் இல்லப்பா. எழுதவே கூடாதுன்னு நெனைக்கேன்."

"நல்ல காலேஜ்மா அது."

"தெரியும்."

அந்த ஐந்தில் பெரிய பெயர் அதற்குத்தான். போனால் போகிறது என்று அதை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுத் தோழிகூட, "ஒனக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு" என்றாள். கிறுக்காகவே இருக்கட்டும். இந்த ஊரில் வாழைப்பழம் சொல்லிக் காட்டச் சொன்னார்கள். அங்கேயும் அதையே கேட்கிறார்கள். இன்று அதே மின்னஞ்சல் வந்தாலும் அதையேதான் செய்வேன்.

வடக்கு இங்கிலாந்தில் நான் மிகவும் விரும்பிய பல்கலைக்கழகம் நேர்முகத்துக்கு அழைத்தது. வீடியோவில்தான். அவர்களுக்குக் காலை, எங்களுக்குப் பிற்பகல். அன்று பார்த்து அடுத்த தெருவில் கல்யாண வீடு. ஒலிபெருக்கியில் பாட்டு அலறியது. ஜன்னலைச் சாத்தினாலும் சுவர் அதிர்ந்தது. என் தோழி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். அவள் அங்கே சொன்னது எனக்கு மாடி வரை கேட்டது: "அண்ணாச்சி, இங்கன ஒரு பிள்ளைக்கு பரீச்ச நடக்கு, செத்த நேரம் பைய வையுங்க!" பாட்டு தணிந்தது. திரை ஒளிர்ந்தது.

நரைத்த முடியை வெட்டி விட்டிருந்த ஒரு பேராசிரியை. நான் விண்ணப்பத்தில் எழுதியிருந்த வினைச்சொற்களையே எடுத்துக்கொண்டார்.

"'படிக்குதான்' என்று இருந்தது, வேகமாகப் பேசும்போது நடுவில் ஓர் அசை விழுந்து 'படிக்கான்' ஆகியிருக்கலாம் இல்லையா? அவ்வளவுதானே விஷயம்?" என்றார்.

"அப்படியானால் மெதுவாகப் பேசும்போது அந்த அசை திரும்பி வர வேண்டும்" என்றேன். "என் தோழியை ஒவ்வோர் அசையாக நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொன்னேன். வரவில்லை. மழை, தலை போன்ற அஃறிணைகளைப் பற்றிப் பேசும்போதும் இதே வேறுபாடு இருக்கிறது. 'மழை பெய்யுது' என்பவள் 'தலை வலிக்கு' என்கிறாள். 'வலிக்குது' என்று சொல்வதில்லை."

"முன்பு எப்போதோ விழுந்திருக்கலாம். இப்போது அதுவே பழகியிருக்கலாம்."

"இருக்கலாம். ஆனால் இன்று அவள் தலைக்குள் இருப்பது வேகம் இல்லை, விதி."

பேராசிரியை கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். "நான் உங்களோடு உடன்படவில்லை" என்றார், சிரித்துக்கொண்டே.

"நானும்தான்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் உரக்கச் சிரித்தார்.

அடுத்ததாக நான் கேள்வியே பட்டிராத ஒரு மொழியின் வாக்கியங்களைத் திரையில் காட்டி, இதில் எந்தச் சொல் என்ன பொருள் தருகிறது என்று கேட்டார். அதில் நன்றாகச் சொதப்பினேன். பாதி வழியில் என் விடை தப்பு என்று எனக்கே தெரிந்தது. "தப்பாகப் போகிறேன், முதலிலிருந்து வருகிறேன்" என்றேன். வந்தேன், திரும்பவும் தப்பு. முடிந்ததும் என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

பங்குனி மாதம் பதில்கள் வந்தன. ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் இடம் இல்லை என்றது. மற்ற மூன்றும் இடம் தந்தன, நிபந்தனையோடு. அமெரிக்கப் பள்ளிச் சான்றிதழ் மட்டும் போதாது, கல்லூரித் தரத்தில் நடக்கும் பாடத் தேர்வுகளையும் எழுதி இன்னின்ன மதிப்பெண் வாங்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்த தேர்வு மையம் சென்னையில். மே மாத வெயிலில் அம்மா பள்ளி விடுமுறையில் என்னோடு வந்தாள். நான் உள்ளே எழுதும்போது வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினாள்.

முடிவு வந்தபோது, நேர்முகம் நடத்திய பல்கலைக்கழகம் கேட்ட மதிப்பெண்ணில் புள்ளியியலில் ஒரு படி குறைந்துவிட்டது. மறுபரிசீலனை கேட்டு எழுதினேன். முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் தோழி என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, தன் நர்சிங் கல்லூரிக் கலந்தாய்வுக் கதையை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் எழுந்து, ஸ்காட்லாந்தில் அந்த மதிப்பெண்ணுக்கே இடம் தந்த பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் அனுப்பினேன். கடற்கரையோரம், கருங்கல் கட்டடங்கள், எப்போதும் காற்று. நான்கு வருடப் படிப்பு.

கிளம்பிய அன்று பெரியப்பா ரயில் நிலையம் வரை வந்தார். என்னிடம் பேசவில்லை. ஆனால் என் பெட்டியை வேறு யாரையும் தூக்கவிடவில்லை. ரயில் நகரும்போது மட்டும் அம்மாவிடம், "குளுருக்கு நல்ல கம்பளி வாங்கச் சொல்லு" என்றார்.

இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறேன். அப்பா சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். அவருக்கு அமெரிக்க ஆசை போகவில்லை. குளிர்காலத்தில் நான் வீடியோவில் ஜன்னலைக் காட்டினால், பனி விழுகிறதா என்று என்னைத் தாண்டிப் பார்ப்பார். அது எனக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து வந்து கேளுங்கள், நானே மனு போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் ஆசைக்காக இன்னொருவரைக் கட்டி இழுத்துப் போக மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.

சென்ற மாதம் எனக்கு இருபத்தொரு வயது முடிந்தது. பெரியப்பா அவராகவே கூப்பிட்டார். வாழ்த்தெல்லாம் சொல்லிவிட்டுச் சற்று இழுத்தார்.

"அந்த மனு காரியம் என்னட்டி ஆச்சு?"

"அம்மாட்ட கேட்டீங்களா பெரியப்பா?"

"அவகிட்ட யாரு கேப்பா? நீயே கேளு."

அன்றே அம்மாவைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே சத்தம், கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று இடிபடுவதும் பிள்ளைகள் கூச்சலும். பெரியப்பா கேட்டதைச் சொன்னேன். அம்மா கேட்டாளா இல்லையா என்றே தெரியவில்லை. யாரையோ பார்த்து, "ஏலே, அந்த ஆசிட்ட கீழ வைய்யி, பைய வைய்யி!" என்று அதட்டினாள். பிறகு என்னிடம், "பிராக்டிகல் நடக்கு பாப்பா, வையி போன" என்று சொல்லிவிட்டு அவளே வைத்துவிட்டாள்.